மாமியார் மருமகள் கிணற்றில் ஒரு ‘வாங்க’

எங்கள் கைடுகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. ஏதோ பழைய மண்டபத்துக்கு முன்னால் புதுப் பலகை, அதன் மூலையில் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப்பொடிக் கட்டம். அதன்மேல் போனைக் காட்டினால் போதுமாம். யார் கட்டியது, எப்போது கட்டியது, எந்தத் தூணில் என்ன சிற்பம், எல்லாம் காதில் வந்து விழுமாம். படத்தைப் போட்ட நிவேதா, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘இனிமே நாம எதுக்குக்கா?’

குழுவில் எல்லோரும் அழுகிற பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஒரு கிணறுதான் ஞாபகத்துக்கு வந்தது. போனில் ஒற்றை விரலால் தட்டி எழுதினால் என் ஆயுசு போதாது என்பதால் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் படித்துக் கைடு ஆனவள் இல்லை. ஸ்ரீரங்கம் கோயில் பக்கம் செருப்பு பார்த்துக்கொள்ளும் கடையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் செருப்பு மாட்டும்போது பேசுவது காதில் விழும். “ஒரு மண்டபத்துல பெரிய பெரிய கல்லுக் குதிரை இருக்காமே, நாம பார்த்தோமா?” என்று கணவன் கேட்பார். “பார்த்திருப்போம், நடங்க” என்பார் மனைவி. பார்க்காத குதிரையைப் பார்த்ததாக ஊருக்குப் போகிறார்களே என்று எனக்கு மனசு கேட்காது. “ஒரு நிமிஷம் வாங்க” என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருவேன். அதற்குள் இங்கே ஒரு கூட்டம் செருப்புக்கு நிற்கும். கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: “மல்லிகா, நீ குதிரையையே காட்டு. செருப்புக்கு நான் வேற ஆளு பார்த்துக்கறேன்.”

அப்படித்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த ஒரு டிராவல்ஸில் போய்ச் சேர்ந்தேன். அங்கே மேனேஜர் தங்கவேல் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

தங்கவேல் சார் திருச்சியைச் சுற்றியுள்ள எல்லா இடங்களுக்கும் ஆட்களை அனுப்புவார். அவர் எந்த இடத்துக்கும் போனதில்லை. மலைக்கோட்டையை ஜன்னல் வழியாகப் பார்த்து, “அது அங்கேயேதான இருக்கு, எங்க போயிடப் போகுது” என்பார். ஒரு கோயில் பல்லவர் கட்டியதா, சோழர் கட்டியதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: “அங்க வேன் திரும்புமா?” திரும்பினால் அது நல்ல கோயில். திரும்பாவிட்டால், “என்னத்தக் கட்டுனாங்க போங்க, ரிவர்ஸ் எடுக்க இடம் விடாம” என்று அந்த ராஜாவையே திட்டுவார்.

ஆனால் தொழில் முறை என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். வேனில் ஏறும்போது முகத்தைப் பார்க்காதே, காலைப் பார். குதிகால் செருப்பு போட்டவர்களை மலை ஏற்றாதே. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவரை முன் சீட்டில் உட்கார வை. இறங்கியதும் முதலில் பாத்ரூம் எங்கே, அடுத்து நிழல் எங்கே, அடுத்து குரங்கு எங்கே. அதற்கப்புறம்தான் ராஜா. கதை சொல்ல நிற்கும்போது வெயில் உன் முகத்தில் அடிக்க வேண்டும், பார்ட்டியின் முதுகில் அடிக்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை வாயைத் திறக்காதே. சாப்பாட்டுக்குப் பிறகு ராஜா பேர் சொல்லாதே, தூங்கிவிடுவார்கள். வருடக்கணக்காக வெயிலைப் பார்த்தே நின்றதால் என் முகம் மட்டும் ஒரு நிறம், மற்றதெல்லாம் ஒரு நிறம்.

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. மலைக்கோட்டை, ரங்கநாதர், திருவானைக்காவல் என்று எல்லாரும் போகிற இடத்துக்கே போனால் எப்படி என்று ஒரு புது டிரிப் போட்டார். பெயர்: ‘யாரும் போகாத இடங்கள்’. வாசலில் பேனரும் வைத்தார். முதலில் வந்தவர் பேனரை முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டார்: “யாருமே போகலைன்னா அங்க என்னங்க இருக்கு?”

இருக்கத்தான் இருந்தது. மலைக்கோட்டை உச்சிக்கு மூச்சு வாங்க ஏறுகிற கூட்டத்துக்குத் தெரியாது, கீழே அடிவாரத்தில் வீடுகளுக்கு நடுவே ஒரு குடைவரை இருப்பது. பாறையையே குடைந்து, தூணையும் சாமியையும் அதிலேயே வடித்திருக்கிறார்கள். சந்துக்குள் நாங்கள் கூட்டமாக நுழைந்தால், துணி உலர்த்திக்கொண்டிருக்கும் ஒரு அம்மா நிமிராமலே சொல்வார்: “உள்ளதான் இருக்காங்க, போங்க.” ஏதோ பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்க்க வந்ததுபோல. நான் அவ்வளவு பேசியும் அந்தக் குடைவரையைப் பற்றி அதைவிட நன்றாகச் சொன்னதில்லை.

உறையூர் வெக்காளியம்மனுக்கு மேற்கூரை கிடையாது. அம்மன் வெட்டவெளியில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ரிடையர்டு இன்ஜினியர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “லீக்கேஜுக்கு பயந்து விட்டுட்டாங்களா?” என்று கேட்டார். மண்மாரி பெய்து ஊரே வீடிழந்தபோது, ‘என் ஜனங்க எல்லாருக்கும் கூரை வர்ற வரைக்கும் எனக்கும் வேண்டாம்’ என்று அம்மன் சொல்லிவிட்டதாகக் கதை என்றேன். அவர் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, “அப்ப இப்போதைக்குக் கூரை போட முடியாது” என்றார்.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் வட்டமாக, வீடு உயரத்துக்கு, கூம்பு மூடி போட்ட நெற்களஞ்சியங்கள் உண்டு. தாயார் சன்னதிக்கு ஓடுகிற அவசரத்தில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூட்டிப்போய் நிறுத்தினால், “வாட்டர் டேங்கா?” என்பார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த டிரிப்பில்தான் எனக்கு அந்தப் பார்ட்டி வந்து சேர்ந்தது.

உறையூர்க்காரர்கள்தான். அம்மா ராஜலட்சுமி, கணவர் இல்லாதவர், ஜவுளிக்கடைக் குடும்பம். மகன் கார்த்திக். மருமகள் திவ்யா, சென்னைப் பெண். மகனுக்கும் மருமகளுக்கும் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் இரண்டு பேரும் கிளம்புகிறார்கள். முந்தின நாளே கார்த்திக் தனியாக ஆபீசுக்கு வந்து, தங்கவேல் சார் முன்னால் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்:

“அம்மா எங்களோட வருவாங்களா, இங்க தனியா இருப்பாங்களான்னு நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள முடிவு தெரியணுங்க. வாடகைக்கு வீட்டைப் பார்க்க ஆள் வரப் போறாங்க. அம்மா வரலைன்னா வாடகைக்கு விட முடியாது. அவங்களுக்கு வர ஆசைதான். திவ்யாவுக்கும் கூட்டிட்டுப் போக ஆசைதான். ஆனா ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதில்ல.”

“என்ன சண்டை?” என்றேன்.

“அதுதாங்க தெரியல. கேட்டா அம்மா ‘அவளையே கேளு’ங்கிறாங்க. அவ ‘உங்க அம்மாவையே கேளு’ங்கிறா. சேர்ந்து நாலு இடம் சுத்துனா சரியாகிடும்னு பார்க்கறேன்.”

அவர் போனதும் தங்கவேல் சார் மேஜைமேல் இருந்த வழித்தடப் பட்டியலை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். உறையூர், ஸ்ரீரங்கம், டோல்கேட், மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை. அங்கே விரல் நின்றது.

“மல்லிகாம்மா, அந்தக் கிணத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க.”

“வேன் திரும்பும் சார்.”

“வேன் திரும்பும். பார்ட்டி திரும்பி வருமா?”

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. திருவெள்ளறைப் பெருமாள் கோயிலை அடுத்து ஒரு பல்லவர் காலத்துக் கிணறு இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக் வடிவம். நாலு பக்கமும் படிகள், ஒவ்வொன்றும் ஒரு திருப்பம் திரும்பித் தண்ணீருக்கு இறங்கும். ஒரு துறையில் இறங்கினவர் அடுத்த துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது. நடுவில் சுவர்தான் தெரியும். நாலுமூலைக் கேணி என்றும் சொல்வார்கள். ஆனால் ஊர் வாயில் அதன் பெயர் மாமியார் மருமகள் கிணறு. மாமியார் ஒரு துறையில், மருமகள் ஒரு துறையில், ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்காமல் குளித்துவிட்டுப் போகலாமாம்.

“நான் பேரைச் சொல்ல மாட்டேன் சார். கோயிலோட திரும்பிடறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வேன் கிளம்பியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிய ராஜலட்சுமி அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தேன். திவ்யா கடைசி சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கார்த்திக் நடுவில். தெருமுனை தாண்டுவதற்குள் எனக்குப் புது வேலை ஒன்று வந்துவிட்டது.

“ஏம்மா கைடு, பின்னாடி ஏசி ரொம்ப அடிக்குதான்னு கேளு. சளி பிடிச்சுக்கும்.”

நான் பின்னால் திரும்பி, “ஏசி அடிக்குதாம்மா?” என்றேன்.

“இல்லக்கா, பரவாயில்லன்னு சொல்லுங்க. அவங்க மாத்திரை போட்டாங்களான்னு கேளுங்க.”

முன்னால் திரும்பி, “மாத்திரை போட்டீங்களாம்மா?” என்றேன்.

“போட்டாச்சுன்னு சொல்லு.”

மூன்று பேரும் தமிழ்தான் பேசுகிறோம். நான் ஒரு வேனுக்குள் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் சேகர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வெக்காளியம்மன் கோயிலில் வழக்கம்போலக் கதை சொன்னேன். ராஜலட்சுமி அம்மா கையைக் கூப்பியபடி, காற்றைப் பார்த்துச் சொன்னார்: “கூரை இல்லாம தனியா அவளே இருக்கா. எனக்கு நாலு சுவரும் கூரையும் இருக்கு, நான் இருந்துக்க மாட்டேனா?”

கார்த்திக் என்னைப் பார்த்தார். நான் அம்மனைப் பார்த்தேன்.

ஸ்ரீரங்கத்தில் களஞ்சியங்களுக்கு முன்னால் நிறுத்தி, அந்தக் காலத்தில் இவ்வளவு நெல்லும் கோயிலுக்கு வந்து நிறைந்ததாம், யார் வந்தாலும் பசியோடு போனதில்லையாம் என்றேன். அவர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வந்தவங்களை ‘சாப்பிடுறீங்களா’ன்னு கேட்டிருப்பாங்களா? ‘சாப்பிடுங்க’ன்னுதான் சொல்லியிருப்பாங்க.”

திவ்யாவின் முகம் சிவந்துவிட்டது. “எனக்குத் தலை வலிக்குதுக்கா, வேன்ல இருக்கேன்” என்று போய்விட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நெல்லில் என்ன இருக்கிறது சண்டை போட?

திருவெள்ளறையில் வாயை அடக்கிக்கொண்டேன். அங்கே மேடான வெள்ளைப் பாறைமேல் கோயில், வாசல் கோபுரம் பாதியில் நின்றுபோனது. உள்ளே போனதும் பழக்க தோஷத்தில், இந்த ஊரில் புறப்பாட்டில் தாயார் முன்னால் போவார், பெருமாள் பின்னால் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

“எங்க வீட்லயும் அதே கதைதான். அவ முன்னாடி, இவன் பின்னாடி” என்றார் ராஜலட்சுமி அம்மா.

“பெருமாளே பின்னாடி வர்றாருல்ல, நம்ம ஆளு வந்தா என்னவாம்னு கேளுங்கக்கா” என்றாள் திவ்யா.

கார்த்திக் பெருமாள் பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

போதும், வேனுக்குப் போய்விடலாம் என்று அவசரமாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற ஒரு அம்மா. என்னைப் பலமுறை பார்த்தவர். வழக்கமாக நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனதில்லை. அன்றைக்குக் குனிந்த தலை நிமிராமல் போனேன். விடுவாரா?

“என்ன கைடு, மாமியா மருமவ கெணத்தப் பார்க்காமப் போறீங்க? ஜோடியா வேற கூட்டியாந்திருக்கீங்க!”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. பிறகு, அன்று காலையிலிருந்து முதல்முறையாக, மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்:

“எங்க?”

கிணற்றடியில் அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? உள்ளபடி சொன்னேன். ராஜலட்சுமி அம்மா, “கட்டுனவன் நல்ல குடும்பஸ்தன்” என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டே கிழக்குப் படியில் இறங்க ஆரம்பித்தார். “வேண்டாம்மா, படி உசரம்” என்றேன். கேட்கவில்லை. திவ்யா மேற்குப் படியில் இறங்கினாள். கார்த்திக் வேன் பக்கம் போய் ஓட்டுநரோடு நின்றுகொண்டார். நான் மேலே, நடுவில், முகத்தில் வெயிலோடு.

இரண்டு பேரும் திருப்பம் திரும்பி மறைந்தார்கள். பிறகு கீழிருந்து குரல் வந்தது.

“ஏம்மா கைடு, இங்க இருந்து பார்த்தா நெஜமாவே தெரியல. அவ இருக்காளா போயிட்டாளா?”

நான் பதில் சொல்வதற்குள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு மேற்கிலிருந்து பதில் வந்தது: “இங்கதான் இருக்கேன்.”

அந்தக் கிணற்றின் விசேஷம் இதுதான். ஆள் தெரியாது. குரல் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் வரும். கட்டியவர்கள் முகத்தைத்தான் மறைத்தார்கள், வாயை மறைக்கவில்லை.

“நான் கைடுகிட்டதான் பேசுறேன்” என்றது கிழக்கு.

“நானும் கைடுகிட்டதான் சொல்றேன்” என்றது மேற்கு. “கைடக்கா, நான் அத்தையைக் கூப்பிட்டேன். பெங்களூர் போறோம்னு முடிவான அன்னிக்கே, ‘நீங்களும் வர்றீங்களா அத்தை’ன்னு கேட்டேன். ‘பார்க்கலாம்’னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. பார்க்கலாம்னா என்ன அர்த்தம்?”

“கேளும்மா கைடு! ‘வர்றீங்களா’வாம்! பஸ்ல கண்டக்டர் கேக்குற மாதிரி. வீட்டுக்கு வந்தவங்களை ‘காபி சாப்பிடுறீங்களா’ன்னு கேட்டா என்ன அர்த்தம்? வேண்டாம்னு சொல்லிட்டுப் போன்னு அர்த்தம். ‘வாங்க’ன்னு ஒரு வார்த்தை வந்துச்சா அவ வாயில?”

“வாங்கன்னு சொன்னா அது ஆர்டர் மாதிரி இல்லையா? பெரியவங்களை விருப்பமான்னு கேக்கறதுதானே மரியாதை? எங்க வீட்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க!”

“விருப்பம் கேக்குறது ஓட்டல்ல. இட்லியா பூரியான்னு!”

இதுதானா! மாதக்கணக்கில் ஒரு வீடு வாயை மூடிக்கொண்டு கிடந்தது இதற்குத்தானா? எனக்குச் சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிக்கிற விஷயமும் இல்லை. ‘வர்றீங்களா’ என்று கேட்டு யாரையாவது என் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். கிடையாது. அதே சமயம் அந்தப் பெண் குரல் தழுதழுத்ததும் பொய்யில்லை.

அப்புறம் பருப்பு, ரசம், வாஷிங் மெஷின், கார்த்திக்கின் சட்டை, எல்லாம் அந்தத் தண்ணீர்மேல் போய்ப் போய் வந்தன. வெள்ளரிப்பிஞ்சு அம்மா கூடையோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “நல்லாப் பேசுதுங்க” என்றார். நான் ஒரு வார்த்தைகூட மொழிபெயர்க்கவில்லை. ஒவ்வொரு பேச்சிலும் ‘கைடு’ மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது.

திடீரென்று கிழக்கு அமைதியாகிவிட்டது.

“அத்தை?” என்றாள் திவ்யா.

பதில் இல்லை.

“அத்தை, என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. உட்கார்ந்துட்டேன். கால் மடங்கிக்கிச்சு. எழுந்திரிக்க முடியல.”

நான் கிழக்குப் பக்கம் ஓடுவதற்குள் திவ்யா மேற்குப் படியில் ஏறி, என்னைத் தாண்டி ஓடி, கிழக்குப் படியில் இறங்கியிருந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது அவள் மாமியாருக்கு இரண்டு படி மேலே நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். ராஜலட்சுமி அம்மா கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அசையவில்லை.

பாதிப் பயமும் பாதிக் கோபமுமாகத் திவ்யா கத்தினாள்: “வாங்க அத்தை! என்ன பார்த்துட்டே இருக்கீங்க? வாங்கன்றேன்ல!”

ராஜலட்சுமி அம்மா அவளையே பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இளகியது.

“இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னடி?” என்று கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “வரேன்.”

ஒவ்வொரு படியாக ஏறி மேலே வந்ததும் வேன் பக்கம் கையைத் தட்டினார். “டேய் கார்த்திக், வீட்டை வாடகைக்கு விட்ரு. இவ கூப்பிட்டுட்டா. நானும் வரேன்.”

கார்த்திக் ஓடி வந்து, “என்ன சொன்னே திவ்யா?” என்று கேட்டார்.

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தி, “அக்கா, நான் படியேறி வரத்தான் சொன்னேன்” என்றாள்.

“தெரியும்மா.”

“இப்ப என்ன பண்றது?”

“அதான் ஏறி வந்துட்டாங்களே” என்றேன்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். அவர் ஒரு கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் வெள்ளரிப்பிஞ்சு பொறுக்கிக்கொண்டிருந்தார். “இவளுக்குப் பிஞ்சாப் பார்த்துக் குடும்மா, முத்தினது பிடிக்காது” என்பது எங்களுக்கும் கேட்டது.

திவ்யா கணவரிடம் திரும்பி, “வாங்கன்னு சொன்னேன்” என்றாள். “வேற என்ன சொல்லுவாங்க?”

திரும்பும்போது நடு சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கார்த்திக் முன் சீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு வேலையே இல்லை. மண்ணச்சநல்லூர் வரும்போது தூங்கிவிட்டேன்.

ஆபீசில் தங்கவேல் சார் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னதும் வெகுநேரம் யோசித்துவிட்டு, “மல்லிகாம்மா, அந்தக் கிணத்துல நாலு துறை இருக்குன்னீங்களே. மாமனாருக்கும் மகனுக்கும் மீதி ரெண்டா?” என்றார். அடுத்த வாரம் வீட்டுக்காரம்மாவோடும் மருமகளோடும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் போன ஒரே இடம் அதுதான். என்ன நடந்தது என்று கேட்டேன். “வேன் நல்லாத் திரும்புது” என்றார்.

நிவேதா, அந்தக் கட்டத்தில் போனைக் காட்டினால் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. எந்த ராஜா என்று என்னைவிடச் சரியாகவே சொல்லும். நீயும் அதைக் கேட்டுவிட்டுப் போ. பிறகு பார்ட்டியின் முதுகில் வெயில் விழுகிற மாதிரி நின்றுகொள். வாயைத் திறக்காமல் நிற்க வேண்டிய நேரம் வந்தால் அது உனக்கே தெரியும்.

ராஜலட்சுமி அம்மா இப்போதும் பெங்களூரிலிருந்து எனக்குப் போன் செய்வார். போன ஞாயிற்றுக்கிழமையும் பேசினார்.

“எல்லா வசதியும் இருக்கு மல்லிகா. லிஃப்ட் இருக்கு, பார்க் இருக்கு. ஒரு கிணறுதான் இல்ல. அதனால அவ சமையக்கட்டுல நின்னு கத்துறா, நான் பால்கனில நின்னு கத்துறேன். நடுவுல சுவர் இருக்கறதால ஒண்ணும் தப்பா வர்றதில்ல.”

பின்னாலிருந்து திவ்யாவின் குரல் கேட்டது: “யாரு அத்தை போன்ல?”

“நம்ம கைடும்மா, திருச்சி.”

“மல்லிகாக்காவா? ஒருதடவை இங்க வர்றாங்களான்னு கேளுங்க!”

ராஜலட்சுமி அம்மா பெருமூச்சு விட்டார்.

“பாரு மல்லிகா,” என்றார். “இன்னும் கேக்கத்தான் செய்யிறா. நான் சொல்றேன். வா.”